லீலிப் பூவில் ஓர் இலையான்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிட்னியின் மெரிலேண்ட்ஸில் ஜெயசிங்கத்தின் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஏழு பேர். ஜெயசிங்கம், அவருடைய மனைவி யசிந்தா, மகன் எறிக், மருமகள் றொசானா, பதினாறு வயதுப் பேத்தி ஜெசிக்கா, யசிந்தாவோடு ஓவிய வகுப்புக்குப் போகும் ஆசியா உம்மா, மடு மாதா திருவிழாக் குழுவின் செயலாளர் றெக்சன். எட்டாவது ஆள் இல்லை. பிறகு ஸ்ட்ராத்ஃபீல்ட் வரைக்கும் "கண்ணால் கண்டோம்" என்று சொல்லித் திரிந்தவர்களில் ஒருவரும் அன்று அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை.

ஜெயசிங்கத்துக்கு எழுபத்து மூன்று வயது. மன்னாரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர். சிட்னிக்கு வந்தபின் யன்னல் சட்டங்கள் செய்கிற ஒரு பட்டறையில் இருபத்தாறு வருடம் அளவெடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றார். யாருடைய வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டியிருக்கும் படங்களை முதலில் பார்ப்பார். சரிந்திருந்தால் நேராக்கிவிட்டுத்தான் கதிரையில் இருப்பார். வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்ற யோசனை அவருக்கு வந்ததில்லை. சரிந்த படம் சரிந்த படம்தான்.

திருவிழா மலர் தொடங்கிய நாளிலிருந்து இருபத்திரண்டு வருடம் அதன் அட்டையில் அவர் கீறிய மாதா படம்தான் வந்தது. மண்டபத்து மேடையின் பின்னால் தொங்கும் பெரிய சீலையும் அவர் கைவேலை. மாதாவின் இரு பக்கமும் ஆறு ஆறு ரோசாப்பூ. ஒரு பக்கத்து ரோசாவை மடித்து மறுபக்கத்து ரோசாவின் மேல் வைத்தால் இதழுக்கு இதழ் பொருந்தும். சின்னப் பிள்ளைகள்கூட அவரை ‘ஆர்ட்டிஸ்ட் அங்கிள்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை.

யசிந்தா நாற்பத்து நான்கு வருடம் அவருக்குத் தூரிகை கழுவிக் கொடுத்தாள். நீளக் கோடு போடும்போது அடிமட்டத்தின் மறுநுனியைப் பிடித்தாள். உனக்குக் கீற வருமா என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஆசியா உம்மா தனியாகப் போகக் கூச்சப்பட்டதால், துணைக்கு என்றுதான் யசிந்தா சமூக நிலையத்தின் புதன்கிழமை வகுப்புக்குப் போனாள். அங்கே படிப்பித்தவள் ஹென்னி என்ற எண்பது வயது ஒல்லாந்துக்காரி. முன்னூறு நானூறு வருடத்துக்கு முன் அவளுடைய நாட்டு ஓவியர்கள் பூச்சாடிகளை எப்படி வரைந்தார்கள் என்பதுதான் பாடம். அந்தப் படங்களில் இருக்கிற பூங்கொத்து எந்த மேசையிலும் இருந்ததில்லை என்று ஹென்னி சொன்னாள். வசந்தத்துப் பூவும் கோடைப் பூவும் ஒரே சாடியில் நிற்கும். ஓவியர்கள் ஒவ்வொரு பூவும் பூக்கிற மாதம் வரைக்கும் காத்திருந்து, தனித்தனியாகப் பார்த்து வைத்துக்கொண்டு, கடைசியில் ஒன்றாகச் சேர்ப்பார்களாம்.

யசிந்தா அப்படியே காத்திருந்தாள். போன வருடம் மே மாதம் வெள்ளைச் செவ்வந்தியில் தொடங்கினாள். யூலையில் பொப்பிப் பூ. செப்டெம்பரில் ரியூலிப்பும் ஐரிஸும். நவம்பரில் ரோசா. டிசெம்பரில், நத்தார்ப் பண்டிகைக்குக் கோவிலில் வைத்த லீலி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். மார்ச்சில் தன் வீட்டு வேலியோரத்துச் செவ்வரத்தை. அது எங்கள் படங்களில் இருந்ததில்லையே என்று ஹென்னி கேட்டதற்கு, "இது மெரிலேண்ட்ஸ் படம்" என்று பதில் சொன்னாளாம். ஆசியா உம்மா இதைப் பத்துத் தரமாவது சொல்லியிருப்பார்.

தொடக்கத்தில் ஜெயசிங்கம் இதைப் பொழுதுபோக்கு என்று எடுத்துக்கொண்டார். யூலையில் ஒருநாள், அவள் வீட்டில் வைத்துக் கீறிப் பார்த்த பொப்பி இதழின் மடிப்பில் வெளிச்சம் விழுந்திருக்கிற விதத்தைக் கண்டார். அன்றைக்கு அவருக்கு நெஞ்செரிவு வந்தது. சாப்பாட்டில் புளி கூடிவிட்டது என்று நினைத்து மாத்திரை போட்டார். அடுத்து ஐரிஸ் வந்தபோதும் எரிந்தது. அன்று சாப்பாட்டில் புளியே இல்லை. பொறாமை என்ற சொல்லை அவர் மற்றவர்களுக்குத்தான் பாவித்திருக்கிறார். தன் உடம்புக்குள் அது இருக்கும் என்று தேடிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அதனால் வேறு காரணம் தேடினார். நல்ல காரணம் ஒன்று கிடைத்தது.

"இஞ்சாரும், எங்கட மாதாவைக் காட்டுக்குள்ள துரத்தினவங்கள் ஆர்?"

"ஒல்லாந்தர்."

"மாந்தையில இருந்து சனம் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள்ள ஓடினது ஆருக்குப் பயந்து?"

"அதுவும் ஒல்லாந்தருக்குத்தான். அது முன்னூற்றைம்பது வருசத்துக்கு முன்னால. ஹென்னிக்கு எண்பது வயசுதானப்பா."

"நான் ஆளைச் சொல்லேல்ல. வம்சத்தைச் சொல்லுறன். எங்கட குடும்பத்தில ஒருத்தர் அவங்களிட்டப் போய்ப் படிக்கிறதோ?"

"மன்னார்க் கோட்டைக்குப் பக்கத்தில நிண்டுதானே கலியாணத்துக்குப் பிறகு படம் எடுத்தனீங்கள். அது ஆர் கட்டின கோட்டை?"

"அது போர்த்துக்கேயர் கட்டினது."

"ஒல்லாந்தரும் இடிச்சுக் கட்டினவை" என்று சொல்லிவிட்டு யசிந்தா தூரிகையைக் கழுவப் போனாள். இப்போது கழுவியது அவளுடைய தூரிகை.

படம் யூலைக் கடைசியில் முடிந்தது. முடிந்தது என்றால், பூக்கள் முடிந்தன. அதன்பின் பூச்சிகளைச் சேர்த்தாள். செவ்வந்தித் தண்டில் ஓர் எறும்பு. ரோசா இலையைக் கடித்துக்கொண்டு ஒரு மயிர்க்கொட்டிப் புழு. மேலே செட்டை விரித்த ஒரு வண்ணத்துப்பூச்சி. எல்லாவற்றுக்கும் கடைசியாக, விரிந்த லீலியின் வெள்ளை இதழில் ஓர் இலையான், வீட்டு ஈ.

புதன்கிழமை படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் ஒரு கதிரையில் சாத்தி வைத்தாள். எண்ணெய் வர்ணம் காய வாரக்கணக்காகும் என்பதால் ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்தாள்.

வியாழக்கிழமை காலை யசிந்தா கடைக்குப் போயிருந்தாள். ஜெயசிங்கம் முன்னறைக்குப் போய்ப் படத்தைப் பார்த்தார். லீலியில் இலையான் குந்தியிருந்தது. ஈரப் பெயின்ரில் ஒட்டிக்கொள்ளப் போகிறதே என்று கையை வீசினார். அது போகவில்லை. இன்னொரு தரம், கிட்டப் போய் வீசினார். அதன் கீழே சிறிய நிழல் இருந்தது. நிழலும் அசையவில்லை.

கை அந்தரத்தில் நிற்க, அவர் யன்னலைத் திரும்பிப் பார்த்தார். தெருவில் ஒருவரும் இல்லை. அன்று இரண்டு மாத்திரை போட்டார்.

அவருடைய பூக்களில் எந்தப் பூச்சியும் வந்து இருந்ததில்லை. இருக்க வேண்டும் என்று அவர் நினைத்ததும் இல்லை. கோவிலுக்குக் கீறுகிற பூவில் பூச்சிக்கு என்ன வேலை? ஆனால் அந்தக் காலைக்குப் பிறகு, மண்டபத்துச் சீலையில் இருக்கும் பன்னிரண்டு ரோசாவையும் நினைத்தபோது, அவை கடுதாசியில் வெட்டி ஒட்டினவைபோல அவருக்குத் தெரிந்தன. அதை அவரால் மன்னிக்க முடியவில்லை. யாரை மன்னிக்க முடியவில்லை என்பதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை றெக்சன் தொலைபேசி எடுத்தான். ஜெசிக்கா குடும்பத்து வாட்ஸ்அப்பில் போட்ட படம் எப்படியோ திருவிழாக் குழுவுக்குப் போயிருக்கிறது.

"அங்கிள், இந்த வருசம் மலருக்கு அன்ரியின்ர படத்தை அட்டையில போடுவம் எண்டு கொமிற்றி சொல்லுது. நாளைக்குப் பூசை முடிய வந்து நல்ல கமராவில எடுக்கட்டோ?"

ஜெயசிங்கம் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினார். "அதில மாதா இல்லையே" என்றார்.

"லீலிதானே மாதாவின்ர பூ. பங்குச் சாமியாரும் நல்லது எண்டவர். உங்கட வீட்டுப் படம்தானே அங்கிள். பெருமை உங்களுக்குத்தானே."

"ஓம்" என்றார் ஜெயசிங்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் கூடினது அதற்காகத்தான். றெக்சன் முக்காலியை விரித்துப் படத்தைப் பல தரம் எடுத்தான். றொசானா வியாழக்கிழமை ஜெயசிங்கம் செய்ததையே எல்லாருக்கும் முன்னால் செய்தாள். "ஐயோ மாமி, இலையான்!" என்று கையை வீசிவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"சோ ரியல், அப்பம்மா" என்றாள் ஜெசிக்கா. "ஆனா ஏன் இவ்வளவு வடிவான பூவில போய் இலையான்? கிறோஸ். அருவருப்பு."

ஆசியா உம்மா விளக்கம் சொல்ல முன்வந்தார். அவர் தன் மார்க்கப்படி ஆளையும் பிராணியையும் கீறமாட்டேன் என்று பூவோடு நிற்பவர். ஆனால் பூச்சிகளின் பொருள் அவருக்கு மனப்பாடம்.

"கேளு பிள்ள. பொப்பி எண்டா நித்திரை, மௌத்து, சாவு. ரியூலிப் எண்டா பணக்காரன்ர பைத்தியம். ஒரு கிழங்குக்கு வீடு வளவை எழுதிக் குடுத்தவங்களாம். ஐரிஸிட இலை வாள் மாதிரி இருக்கல்லா, அது உங்கட மாதாட துக்கம். வண்ணத்துப்பூச்சி ஆத்துமா. எறும்பு உழைப்பு. லீலி எண்டா சுத்தம். இலையான் எண்டா அழுகல். எவ்வளவு சுத்தமான பூவெண்டாலும் ஒரு இலையான் வந்து குந்தத்தான் செய்யும்."

"அப்ப அம்மா லீலி எண்டால்," என்று எறிக் தகப்பனைப் பார்த்துக் கண்ணடித்தான், "நாப்பத்து நாலு வருசமா மேல குந்தியிருக்கிற இலையான் ஆர்?"

அறை முழுக்கச் சிரிப்பு. றெக்சன் கமராவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். யசிந்தாவும் சிரித்தாள். ஜெயசிங்கம் அவளை மட்டும்தான் பார்த்தார். அவள் சிரித்தது மகனுடைய பகிடிக்கு. அவர் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார். ஹென்னி முதல் வகுப்பிலேயே, இந்த அர்த்தங்களை அகராதிபோல வைத்துக்கொள்ளக் கூடாது, ஓவியருக்கு ஓவியர் மாறும் என்று சொல்லியிருந்தாள். அது அவருக்குத் தெரியாது. கோவில் படங்களில் வளர்ந்தவர் அவர். திறப்புச் சாவி பிடித்திருந்தால் புனித இராயப்பர், வாள் பிடித்திருந்தால் புனித சின்னப்பர். அங்கே ஒரு பொருளுக்கு ஓர் ஆள். அப்படியானால் இலையானுக்கும் ஓர் ஆள் இருக்கத்தான் வேண்டும்.

"வாங்கோ, தேத்தண்ணி ஆறப்போகுது. பற்றீஸ் சூடா இருக்கு" என்று யசிந்தா எல்லாரையும் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். ஜெயசிங்கம் எழும்பவில்லை. வாறன் என்றார்.

குசினியில் கோப்பைச் சத்தம் கேட்டது. ஆசியா உம்மாவின் குரலும் அதன்மேல் சிரிப்பும் கேட்டன. அவர் படத்துக்கு முன்னால் போய் நின்றார். நேராக நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். இலையானின் முதுகில் பச்சையும் நீலமுமாக ஒரு மினுக்கம். செட்டையில் நரம்பு. முன்கால் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு இருந்தது. ஒரு மயிர்த் தூரிகையால் இதைச் செய்திருக்கிறாள். எந்த விரலை எதில் ஊன்றிக்கொண்டு செய்தாள் என்றுகூட அவரால் சொல்ல முடிந்தது. தன்னால் இது ஏலாது என்பதையும் அவரால் சொல்ல முடிந்தது.

வலது கைப் பெருவிரலை அதன் மேல் வைத்து இழுத்தார்.

வெள்ளை இதழின் குறுக்கே கருஞ்சாம்பல் நிறத்தில் ஓர் இழுவை விழுந்தது. இரண்டு அங்குல நீளம் இருக்கும்.

முதலில் திரும்பி வந்தவள் ஜெசிக்கா. கையில் தட்டோடு நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். ஜெயசிங்கம் கையைப் பின்னால் கட்டவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. பெருவிரல் கறுப்பாகத் தெரிந்தது.

யசிந்தா படத்தைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்பது அவருக்கு விளங்கியது. பிறகு அவள் சிரித்தாள்.

"பாருங்கோவன், இந்த மனுசன் உண்மையான இலையான் எண்டு நினைச்சுத் துரத்தப் போய்ப் பூவையும் நாசமாக்கிப் போட்டார்!"

"ஆர்ட்டிஸ்ட் அங்கிளையே ஏமாத்திப்போட்டுது!" என்று கத்தினான் றெக்சன். "அன்ரி, இதைவிட உங்களுக்கு என்ன சேர்ட்டிபிக்கேட் வேணும்?"

சிரிப்பு மறுபடியும் நிறைந்தது. ஜெயசிங்கம் குளியலறைக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுப் பெருவிரலைக் கழுவினார். அது முழுதாகப் போகவில்லை.

கதை செவ்வாய்க்கிழமைக்குள் ஊர் சுற்றிவிட்டது. மீன் கடையில் ஒருவர், "அங்கிள், இது கீறின மீன் இல்லை, பயப்பிடாம எடுங்கோ" என்றார். மலர் அச்சாகி வந்தது. முந்நூறு பிரதி. றெக்சன் இழுவை விழ முன்னம் எடுத்த படம் என்பதால், முந்நூறு அட்டையிலும் இலையான் இருந்தது. உள்ளே, அந்த இலையான் ஒரு மூத்த ஓவியரை ஏமாற்றிய கதையும் பெட்டி கட்டிப் போடப்பட்டிருந்தது. அழித்தது ஒன்று, பிறந்தது முந்நூறு. ஜெயசிங்கம் மலரை எடுத்துக் குப்புற வைத்தார். யசிந்தா கடந்து போகும்போது நிமிர்த்தி வைத்தாள்.

முட்டாள் என்ற பெயரை அவர் விழுங்கிக்கொண்டு இருந்திருப்பார். திருவிழாவுக்கு முந்திய நாள் றொசானா வந்து சொன்ன கதைதான் விழுங்க ஏலாததாக இருந்தது.

"மாமா, குறை நினைக்காதேங்கோ. ஸ்ட்ராத்ஃபீல்ட் கலா அன்ரி என்ன சொல்லித் திரியிறா தெரியுமோ? மாமி வேணுமெண்டே பொறி வைச்சவவாம். புருசனைச் சபையில முட்டாளாக்கி அட்டையில தன்ர படத்தைப் போடுவிக்கத்தான் அந்த இலையானைக் கீறினவவாம். அந்த வயசிலயும் இப்பிடி ஒரு பொம்பிளையோ எண்டு கேக்கினமாம்."

றொசானா போனபின் அவர் பின்வளவுக்குப் போனார். யசிந்தா செவ்வரத்தைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"நீர் ஏன் அண்டைக்குப் பொய் சொன்னனீர்?"

"வேற என்ன சொல்ல? எல்லாருக்கும் முன்னால, என்ர மனுசன் எரிச்சல்ல அழிச்சுப்போட்டார் எண்டு சொல்லட்டோ?"

பொறாமையைச் சொல்கிற அந்த ‘எரிச்சல்’ என்ற சொல்லை அவள் அவ்வளவு லேசாகச் சொன்னாள்.

"அந்த இலையான் ஆர்?" என்று கேட்டார்.

"என்ன ஆர்?"

"ஆரை நினைச்சுக் கீறினனீர்?"

யசிந்தா தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டாள். "நீங்கள் எண்டே நினைச்சனீங்கள்? கடவுளே! அவன் எறிக் விசரன் சொன்னதுக்கோ?" கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "சொல்லட்டோ? நாப்பது வருசமா உங்கட படத்துக்கு முன்னால சனம் மெழுகுதிரி கொளுத்துது. கையெடுத்துக் கும்பிடுது. நான் பின்னால நிண்டு தூரிகை கழுவினனான். எனக்கு எரியேல்ல எண்டோ நினைக்கிறீங்கள்? கும்பிட வேண்டாம். என்ர படத்துக்கு முன்னால ஆரும் ஒருத்தர் ஒருக்காக் கையை நீட்டினால் காணும் எண்டு இருந்தது. அதுக்குத்தான் இலையான்."

ஜெயசிங்கம் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதே எரிச்சல் நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறது. தனக்குத் தெரியவில்லை.

"வியாழக்கிழமை," என்றார், "நீர் கடைக்குப் போயிருக்கேக்குள்ள, நான் கையை நீட்டினனான். ரெண்டு தரம்."

யசிந்தா அவரை நிமிர்ந்து பார்த்தாள். குழாயை எடுத்து, ஏற்கெனவே தண்ணீர் விட்ட செடிக்கே மறுபடி விட்டாள்.

"இந்தக் கதையை நான் நிப்பாட்ட வேணும்" என்றார் அவர்.

"விடுங்கோ. கலா ரெண்டு மாசத்தில வேற கதை பிடிச்சிடுவா. உங்களுக்கு இவ்வளவு காலமும் இருந்த பேர் என்னாகிறது?"

"என்ர பேரைக் காப்பாத்த உம்மட பேர் நாறக் கூடாது."

திருவிழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் அவருடைய சீலை தொங்கியது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தாங்கியில் யசிந்தாவின் படம். இழுவையை அவள் திருத்தவில்லை. வர்ணம் காயட்டும், பிறகு பார்ப்போம் என்றுவிட்டாள். சனம் சீலையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, படத்தைச் சுற்றித்தான் நின்றது. ஜெயசிங்கத்துக்கு நெஞ்சு எரியத்தான் செய்தது. அது ஒரு பின்வளவுப் பேச்சோடு போய்விடுகிற வருத்தம் இல்லை.

றெக்சன் படத்துக்குப் பக்கத்தில் நின்று, வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவருக்கு அந்தக் கதையை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். எப்படிக் கையை வீசினார் என்று நடித்தும் காட்டினான். கலா பட்டுச் சேலையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு யசிந்தாவிடம் வந்தாள்.

"அன்ரி, உங்களிட்டக் கவனமா இருக்க வேணும் போல. அங்கிளுக்கே பொறி வைச்சுப் பிடிச்சிட்டீங்களே!"

பக்கத்தில் நின்ற நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். யசிந்தா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். அவளுடைய கழுத்து சிவந்ததை ஜெயசிங்கம் கண்டார். அவர் போய்ப் படத்துக்கும் சனத்துக்கும் நடுவில் நின்றார். யசிந்தா அவருடைய கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை.

"றெக்சன், கொஞ்சம் நிப்பாட்டும்."

றெக்சன் வீசிய கையோடு அப்படியே நின்றான். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"மலரில போட்டதும் பிழை. இவர் இப்ப சொன்னதும் பிழை. கலா சொல்லித் திரியிறதும் பிழை. என்ர மனுசி ஒருத்தருக்கும் பொறி வைக்கேல்ல. நான் ஏமாந்துபோய் இதை அழிக்கேல்ல. கீறின இலையான் எண்டு தெரிஞ்சுதான், எரிச்சலில, இந்தக் கையால அழிச்சனான்."